முன்சக்கரமும் கையுமாக

சைக்கிளை விட்டு இறங்கியதும் சொர்ணம்மாள் கதவைத் தட்டுவதில்லை. குனிந்து, முன்சக்கரத்தின் நடுவில் மடங்கிக் கிடக்கும் சின்னப் பிடியை விரலால் நெம்பித் திறக்கிறார். ஹாண்டில்பாரைக் கொஞ்சம் தூக்கினால் சக்கரம் கழன்று கையோடு வந்துவிடுகிறது. மீதி வண்டியைச் சுவரோரம் மண்டியிட வைத்துவிட்டு, ஒரு கையில் தோல் பை, மறு கையில் சக்கரம் என்று படியேறுகிறார். உள்ளே வலியில் துடித்துக்கொண்டிருக்கிறவள், வந்தவரைப் பார்த்து ஒரு கணம் வலியை மறந்து, "சக்கரம் எதுக்கும்மா?" என்று கேட்பாள். "பொறக்கப் போற ராசா ஓட்டிட்டுப் போவத்தான். நீ மூச்ச இழுத்து விடுட்டி" என்பார் சொர்ணம்மாள். சொல்லிக்கொண்டே கை கழுவ ஆரம்பித்திருப்பார்.

தாராவியில் அவரைச் சக்கரத்தம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம். வெள்ளை வாயில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் போடுகிற கான்வாஸ் ஷூவோடு சந்து சந்தாகச் சைக்கிள் மிதிப்பார். திருநெல்வேலிச் சீமையில் தெற்கே ஏதோ ஓர் ஊர், ஊர்ப் பேரைக் கேட்டால், "அது எதுக்கு இப்ப?" என்று பேச்சை மாற்றிவிடுவார். மருத்துவச்சிப் படிப்பை இங்கேதான் படித்துத் தேறினார். வகுப்பில் கற்ற மராத்தியும், தெருவில் கற்ற பம்பாய் இந்தியும், கூடவே ரயிலேறி வந்த தெற்கத்தித் தமிழும் அவர் வாயில் சண்டை சச்சரவு இல்லாமல் குடியிருக்கின்றன. "ஜல்தி தண்ணி காய வைங்கட்டி, காலிபீலி நின்னு வேடிக்க பாக்காதிய" என்று அவர் ஒரு அதட்டல் போட்டால் எந்த மொழிக்காரியும் அடுப்படிக்கு ஓடிவிடுவாள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. குழந்தை பிறந்ததும் வெளியே காத்திருக்கும் கூட்டம் ஆணா பெண்ணா என்றுதான் கேட்கும். சொர்ணம்மாள் வாயைத் திறக்க மாட்டார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்பார். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று யாராவது ஒருவர் கேட்கும்வரை அந்த நிற்பு தொடரும். கேட்டுவிட்டால், "இப்பத்தான் கேக்கத் தெரிஞ்சுதா? நல்லா இருக்கா. கஞ்சி குடிக்கா. பொம்பளப் புள்ள" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் தேநீர் கேட்பார். அதைச் சாசரில் ஊற்றி, தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சுவார். அதற்கு முன்னால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை.

சக்கரம் கையில் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பிரசவ வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் யாரும் வெளியே வரமாட்டார்கள் என்பது மட்டும் திருடனுக்குத் தெரியும். அவருடைய முதல் சைக்கிள் அப்படித்தான் கோலிவாடாவில் போயிற்று. "உள்ள ஒரு உசுரு வந்துச்சி, வெளிய ஒரு வண்டி போச்சி" என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார். அடுத்தது, வெளிநாடு போன ஒரு பார்சி நர்ஸ் விட்டுச் சென்ற பெண்கள் சைக்கிள், வயர் பிரேக் வைத்தது. பூட்டினால் பூட்டை உடைத்தார்கள். ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டால் சங்கிலியை அறுக்கப் பார்த்தார்கள். முன்சக்கரம் இல்லாத வண்டியை எவனாலும் ஏறி மிதித்துக்கொண்டு போக முடியாது என்ற யோசனை அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

ஆனால் நட்டு போட்ட சக்கரத்தைக் கழற்றுவது லேசான காரியமில்லை. ஸ்பானர் வேண்டும். மழைக்காலத்தில் நட்டு துருப்பிடித்துக்கொண்டு அசையாது. அசைந்தால் வாஷர் சாக்கடையில் விழும். உள்ளே ஒருத்தி அலறிக்கொண்டிருக்க, வாசலில் இவர் நட்டோடு மல்லுக்கட்டுவார். ஜெயித்துவிட்டு உள்ளே போனால் கையெல்லாம் கிரீஸ். கார்பாலிக் சோப்பு போட்டு நகக்கண்வரை தேய்த்து முடிப்பதற்குள் ஒரு தடவை குழந்தையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி புடவைத் தலைப்பில் ஏந்திப் பிடித்தாள். நல்லபடியாகத்தான் முடிந்தது. "கையும் கிரீசுமா நான் நிக்கேன், புள்ள என்னப் பாத்து அழுவுது. அதோட விட்டேன் ஸ்பானர" என்கிறார்.

நேரே பூதத்தானிடம் போனார். பூதத்தான் தாராவி மெயின் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அந்த வட்டாரத்தில் ஓடுகிற சைக்கிள்களில் பாதி தன் கைபட்டவை என்றும், மீதிப் பாதி தன் கைபடாததால்தான் கிறீச்சிடுகின்றன என்றும் சொல்லிக்கொள்கிறவர். சொர்ணம்மாள் அவரிடம் கேட்டது இதுதான்: "ஸ்பானரு தொடக் கூடாது. கிரீசு படக் கூடாது. ஒரு கையால இழுத்தா சக்கரம் வந்துரணும். ஓட்டும்போது கழண்டு விழவும் கூடாது."

"நீங்க கேக்குறது சைக்கிளு இல்லக்கா, மந்திரம்" என்றாராம் பூதத்தான். ஆனால் முடியாது என்று சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். தேட ஆரம்பித்தார்.

குர்லாவில் ஒரு பழைய இரும்புக் கடையில், எவனோ பந்தயத்தில் இடித்து நசுக்கிய வெளிநாட்டுச் சைக்கிளின் முன்சக்கரம் அகப்பட்டது. அதன் அச்சு கெட்டி இரும்பல்ல, குழாய். குழாய்க்குள் ஒரு நீளக் கம்பி. கம்பியின் ஒரு முனையில் மடக்குப் பிடி, மறுமுனையில் சின்னத் திருகு. பிடியை மடக்கினால் கம்பி இறுகி, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் சக்கரத்தோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும். திறந்தால் விட்டுவிடும். பூதத்தான் சொர்ணம்மாளின் சக்கரத்திலிருந்து கெட்டி அச்சை உருவிவிட்டு இந்தக் குழாய் அச்சைப் போட்டார். குண்டுகளைத் தாங்குகிற கோன்கள் சேராமல், சக்கரம் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது. லேத் வைத்திருக்கும் முகம்மது ஹனீப் அவற்றைக் கடைந்து கொடுத்த பிறகுதான் அடங்கியது. அச்சு கொஞ்சம் தடிமன் என்பதால் ஃபோர்க்கில் அச்சு உட்காரும் காடியைப் பூதத்தான் அரத்தால் ராவி அகலப்படுத்தினார். மட்காடு கம்பியை அச்சிலிருந்து பிரித்து ஃபோர்க்கில் வேறு இடத்தில் மாட்டினார்.

எல்லாம் முடித்துப் பிடியை மடக்கினால், பிடி நன்றாக இறுகுகிறது. சக்கரம் மட்டும் ஆடுகிறது. பூதத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் அவருடைய பழக்கம்தான். அச்சு என்றால் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், நட்டு உட்கார இடம் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வேலை செய்த கை, இந்த அச்சையும் ஃபோர்க்குக்கு வெளியே நீட்டி வைத்திருந்தது. பிடி அச்சின் முனையைக் கவ்வியதே தவிர ஃபோர்க்கைத் தொடவே இல்லை. முனையைத் துளி அறுத்து உள்ளே அடக்கியதும் சக்கரம் அசையாமல் நின்றது. "நட்டு இல்லன்னு எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியலியே" என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

சொர்ணம்மாள் லேசில் நம்பவில்லை. வண்டியைத் தூக்கித் தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தார். பிறகு பூதத்தானைக் கேரியரில் உட்காரவைத்து சயான் வரை மிதித்தார். "விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்" என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்தப் பயணம் முழுவதும் பூதத்தான் வாயே திறக்கவில்லை என்று தாராவியில் ஒரு பேச்சு உண்டு.

திருட்டுக்குப் பயந்து உள்ளே வந்த சக்கரத்துக்கு, வந்த இடத்தில் வேறு உத்தியோகமும் கிடைத்தது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிவாளோ, பாக்குவெட்டியோ, ஒரு ஆணியாவது இருக்க வேண்டும். சக்கரத்தைவிடப் பெரிய இரும்பு எது என்று தாராவிப் பெண்கள் தீர்மானித்துவிட்டார்கள். அதைத் தலைமாட்டில் சாய்த்து, கம்பிகளுக்கு நடுவே வேப்பிலை செருகுகிறார்கள். "இன்னும் நாலு நாளு விட்டுட்டுப் போங்கக்கா" என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. "நான் என்ன ஒத்தச் சக்கரத்துல சர்க்கஸா காட்டுறது?" என்று பிடுங்கிக்கொண்டு வருவார். வேப்பிலையை மட்டும் எடுப்பதில்லை. அது சுற்றிச் சுற்றித் தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்.

பிரசவ வீட்டில் ஆண்களைப் போல உபயோகமற்ற ஜீவன்கள் கிடையாது. வெந்நீர் போடுவதும் துணி கிழிப்பதும் பெண்கள். நாம் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்போம். சொர்ணம்மாள் கிளம்புகிறபோதுதான் நம் கைகளுக்கு ஒரு வேலை வருகிறது. "குடுங்கக்கா, நான் மாட்டுதேன்" என்று சக்கரத்தை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர் தடுப்பதில்லை. பெற்றவளின் புருஷன் சக்கரம் மாட்டிக் கொடுப்பது அங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு பந்த் நாளில். நான் மாதுங்காவில் குடியிருக்கும் ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் கட்டிடத்துப் பிரசவங்கள் எல்லாம் முன்கூட்டியே இடம் சொல்லிவைத்து, நர்ஸிங் ஹோமில்தான் நடக்கும். என் மனைவி ருக்குவுக்கும் அப்படித்தான் ஏற்பாடு. குழந்தைக்கு அந்த ஏற்பாடு தெரியாது. இன்னும் நாள் கிடக்கையிலேயே, பஸ், டாக்ஸி, ரயில் எதுவும் ஓடாத ஒரு காலை வேளையில் வலி கண்டுவிட்டது. நர்ஸிங் ஹோமுக்கு ஃபோன் செய்தால், டாக்டரம்மா சயானில் தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார், வீட்டில் ஃபோன் இல்லை என்றார்கள். கட்டிடம் பெருக்க வருகிறவள் சொர்ணம்மாளைப் பற்றிச் சொன்னாள். ரயில் பாலத்தைத் தாண்டித் தாராவிக்கு ஓடினேன்.

சொர்ணம்மாள் வந்து, சக்கரத்தை மூலையில் சாய்த்துவிட்டு, ருக்குவின் வயிற்றில் வெகுநேரம் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "தம்பி, புள்ள குறுக்க கெடக்கு. இத நான் தொடக் கூடாது, டாக்டரம்மா கைக்குப் போவணும். நேரம் இருக்கு, ஆனா நெறைய இல்ல. நான் போயிக் கூட்டியாரேன்" என்றார். குறுக்கே கிடக்கிற குழந்தை தாயையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்பது எனக்கே தெரியும். எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ருக்கு என் கையை விட்டிருக்க மாட்டாள்.

இதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் மேல்மாடி அனந்தகிருஷ்ணன் மாமா. மனைவியை முதல் பிரசவத்திலேயே பறிகொடுத்து, பிறந்த பெண் நாகலக்ஷ்மியைத் தனியாளாக வளர்த்தவர். காலையிலிருந்து எங்கள் வாசலை விட்டு அவர் நகரவில்லை. சொர்ணம்மாள் கிளம்பப் போகிறார் என்று தெரிந்ததும், மூலையில் இருந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். ருக்குவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு சொர்ணம்மாள் இறங்கிப் போனபோது வண்டி தயாராக நின்றது. "நன்னா இறுக்கிட்டேன், நீங்க போங்கோ" என்று மாமா சொன்னது மாடிவரை கேட்டது.

திரும்பி வந்தது டாக்டரம்மாவின் காரில். சொர்ணம்மாளின் முகவாயில் ஒரு துணிக் கட்டு, புடவையில் ரத்தம். "ரோட்டுல சறுக்கிட்டு தம்பி, ஒண்ணுமில்ல. அம்மாவத் தூக்குங்க" என்றார். ருக்குவைக் காரில் கிடத்தினோம். மாமா எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். கூட்டம் மறித்த இடங்களில் எல்லாம் சொர்ணம்மாள் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "டெலிவரி கேஸ் ஹை பாய், ஹட்டோ. தும் லோக் க்யா ஆஸ்மான் சே கிரேலா ஹை?" என்று கத்தினார். நீங்களெல்லாம் என்ன வானத்திலிருந்து விழுந்தவர்களா என்று ஒரு கிழவி ரத்தம் வழியும் முகத்தோடு கேட்டால் யார்தான் வழிவிட மாட்டார்கள்? விட்டார்கள்.

நர்ஸிங் ஹோமில் டாக்டரம்மா ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார். வராந்தாவில் மாமா தன் மனைவியின் கதையைச் சொர்ணம்மாளிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் சொர்ணம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே வார்த்தை: "ருக்கு?" என் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கை கனமாகவும் ஈரமாகவும் இருந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பிறந்தது பெண் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் அவளுக்குத் தலைவாரிக்கொண்டே ருக்கு என்னைத் திட்டுகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் சொர்ணம்மாளை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இன்று கேட்கிற சத்தம் அத்தனையும் அவர் கொடுத்தது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நன்றி சொல்ல நேரில் போன நாளில்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. சொர்ணம்மாள் பூதத்தான் கடையில் இருந்தார். முகவாயில் தையல் பிரிக்கவில்லை. பூதத்தான் கோணிப்போன மட்காடைத் தட்டிக்கொண்டிருந்தார், கோபமாக. "சறுக்குச்சாம்லா. எந்த ரோட்டுல சறுக்குச்சி? எவனோ ஒருத்தன் பிடிய நட்டுன்னு நெனச்சிச் சுத்திச் சுத்தி முறுக்கி வச்சிருக்கான். மடக்கவே இல்ல. பள்ளத்துல எறங்குனா சக்கரம் தனியா ஓடாம என்ன செய்யும்?" என்றார். மடக்க வேண்டிய பிடியை முறுக்கியிருந்தது யார் என்று எனக்கு உடனே விளங்கியது. வழியில் சக்கரம் கழன்று, சொர்ணம்மாள் முகம் குப்புற விழுந்திருக்கிறார். எழுந்து, உருண்டு போன சக்கரத்தைப் பிடித்து வந்து, சரியாக மாட்டி, ரத்தம் சொட்டச் சொட்ட சயான் வரை மிதித்திருக்கிறார்.

சொர்ணம்மாள் பூதத்தானை ஒரு முறை முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மேல் வீட்டு ஐயாட்ட இத சொல்லிராதிய. பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுசன். அன்னைக்கு அவரு கையி சும்மா இருக்க முடியாம தவிச்சத நான் பாத்தேன். ஒங்க வீட்டம்மா பொழச்சதுல தனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நெனச்சிட்டிருக்காரு. இருந்துட்டுப் போவட்டும்."

"நீங்கள் போய்ச் சேராமல் இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"சேந்துட்டம்லா. பொறவு என்ன?" என்றார்.

நான் இதுவரை சொல்லவில்லை. கட்டிடத்துக்குப் புதிதாகக் குடிவருகிற ஒவ்வொருவரிடமும் மாமா, "அன்னிக்கு நான் சக்கரத்தை மாட்டிக் குடுத்திருக்காட்டா" என்று ஆரம்பிப்பார். ருக்குவும் நானும் தலையாட்டுவோம். மாமா இங்கிலீஷ் பேப்பர் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். போதாததற்குப் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

போன மாதம் நாகலக்ஷ்மிக்குத் தலைப்பிரசவம். சொர்ணம்மாள்தான் வர வேண்டும் என்று மாமா ஒரே பிடியாக நின்றுவிட்டார். விடிந்ததிலிருந்து அவர் படியில் உட்கார்ந்திருந்தார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கட்டிடமே குரலைத் தாழ்த்திக்கொண்டு நடமாடியது. முற்பகலில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சொர்ணம்மாள் துண்டோடு வாசலுக்கு வந்தார். "நாகு?" என்றார் மாமா. "நல்லா இருக்கா ஐயா. ஒங்களத்தான் தேடுதா" என்றார் அவர். மாமா உள்ளே போய், பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தூக்கினார்.

எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா தெருவில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தைக் காடியில் பொருத்தி, பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினார். சொர்ணம்மாள் பையோடு பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்னா இறுக்கிட்டேன்" என்றார் மாமா.

"ஒங்க கை பட்டா வண்டி சொகமாப் போவும் ஐயா" என்றார் சொர்ணம்மாள். ஆனால் ஏறவில்லை. "நின்னு நின்னு காலு மரத்துப் போச்சி. கொஞ்சம் தள்ளிட்டே நடந்து போறேன்."

முன்சக்கரத்தை மேடுபள்ளத்தில் விடாமல், ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் ஏந்தின மாதிரி பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். மாமா கைகூப்பியபடி தெருவிலேயே நின்றார். முனையில் இரானிக் கடையைத் தாண்டித் திரும்பியதும் சொர்ணம்மாள் நின்றார். மாமா நின்ற இடத்திலிருந்து அந்த முனை தெரியாது. எங்கள் பால்கனிக்குத் தெரியும். தலையை நீட்டி, மாமா பின்னால் வரவில்லையே என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, மாமா முறுக்கிய முறுக்கையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சுற்றி, பிடியை உள்ளங்கையால் அழுத்தி மடக்கிவிட்டு, ஏறி மிதித்தார்.